லாமின் அடைத்த மடை

அரசவனூர்
வலங்கைமான் வழி
21 ஜூன் 2025

ராஜ்குமாருக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே நீ கத்துகிறாய், நான் அதைவிடச் சத்தமாகக் கத்துகிறேன், யாராவது ஒருத்தர் பட்டனை அமுக்கிவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். பூர்ணிமா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். பெற்றவள் நான், ஆனால் அவளுக்கு எப்போதும் மாமா பக்கம்தான் நியாயம். நீ பத்திரமாக இருக்கிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

லாமினைப் பற்றி நீ எழுதும் புத்தகத்தில் நம்ம ஊர் வருகிற அத்தியாயத்தை அனுப்பியிருந்தாய். 'அக்கா, பேரு, வருஷம் எல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாரு' என்று. பார்த்தேன். பேர் சரி, வருஷம் சரி. நடந்ததுதான் தப்பு.

முதல் பக்கங்களைப் படித்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆப்பிரிக்காவில் ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்த பிள்ளை, அரசாங்க உதவித்தொகையில் கடல் தாண்டி விவசாயம் படிக்க வந்தவன், கிராமத்தில் தங்கிப் பயிற்சி எடுக்க ஒரு தகரப் பெட்டியோடு நம்ம வாசலில் வந்து நின்ற லாமின் பாயோ. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு, எனக்கு இருபத்து நாலு, உனக்குப் பதினாலு. ஒரே வாரத்தில் 'அக்கா, மோர் இருக்கா' என்று கேட்கக் கற்றுக்கொண்டான். இவன் ஒரு நாட்டுக்கே அதிபராவான் என்று அன்றைக்கு எவராவது சொல்லியிருந்தால், வேலையைப் பாருங்க என்று துரத்தியிருப்பேன். இன்றைக்கு மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும், பெலாங்கா நாட்டு அதிபர் எங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவர் என்று நானே ஆரம்பித்துவிடுகிறேன்.

அப்புறம் அந்தப் பக்கம் வந்தது. 'வறட்சி ஆண்டு. தன்னை ஆதரித்த வீட்டின் வயல் காய்வதைக் கண்ட இளைஞர் லாமின், யார் சொல்லியும் மடையை அடைக்கவில்லை. கடைசி மூலை நனையும்வரை காவல் நின்றார். தொடங்கியதை முடிக்காமல் விலகாதவர் அவர்.'

அடப்பாவி! நீ வரப்பில் நின்று கண்ணால் பார்த்தவன்தானே? தண்ணீர் குறைந்த வருஷத்தில் நம்ம வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். நம்ம முறை முடிந்ததும் நம்ம மடையை நாமே அடைக்க வேண்டும். அடைத்துவிட்டு, அடுத்தவர் மடையையும் நாமே போய்த் திறந்துவிட வேண்டும். காத்திருக்கிறவர் நம்ம மடையில் கை வைக்க மாட்டார், வைக்கிற நிலைமைக்கு நாமும் விடக்கூடாது. லாமின் அன்றைக்கு மடையை அடைத்தான். அடைக்கச் சொன்னது நான்.

நீ ஏன் மாற்றி எழுதினாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. அந்த நாட்டுச் சட்டப்படி ஒருத்தர் இரண்டு தடவைதான் அதிபராக இருக்கலாம். வருகிற ஜனவரியோடு லாமினுக்கு இரண்டாவது தடவை முடிகிறது. சட்டத்தைத் திருத்தி மூன்றாவது தடவையும் அவனையே உட்கார வைக்க ஒரு கூட்டம் அலைகிறது. உன் புத்தகம் அதற்கு மேளம். மேளம் அடி, உன் இஷ்டம். என் வயலை வைத்து அடிக்காதே. அந்தப் பக்கத்தை மாற்று. இல்லையென்றால் என் பேரையும் ஊர் பேரையும் எடுத்துவிடு.

இந்த வருஷம் தண்ணீர் நேரத்துக்கு வந்துவிட்டது. குறுவைக்கு உழவு நடக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா
பிரகதாம்பாள்


கும்பாலி, பெலாங்கா
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு வாரம் கோபத்திலேயே இருந்தேன், அதனால்தான் தாமதம்.

நீ பார்த்தது ஒரு மடை, அக்கா. நான் பார்த்தது ஒரு மனுஷனுடைய முப்பத்தைந்து வருஷம். படிப்பு முடிந்து ஊர் திரும்பியவர், வேளாண்மைத் துறையில் சின்ன அதிகாரியாகச் சேர்ந்தார். அப்போது இங்கே ராணுவ ஆட்சி. ஒரு வருஷம் மழை பொய்த்து, வடக்கே ஜனங்கள் விதை நெல்லைத் தின்றுகொண்டிருந்தார்கள். அமோக விளைச்சல் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். அதற்கு மூன்று வருஷம் ஜெயில். ஜெயில் முற்றத்தில் நாலு பாத்தி கட்டி நெல் போட்டாராம். காவல்காரர்களே கதிர் முற்றிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார்களாம். வெளியே வந்தபோது வடக்கு ஜில்லா முழுக்க அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது.

அப்புறம் துறைக்கே தலைவரானார். 2004-இல் எனக்கு ஒரு கார்டு போட்டார், ஞாபகம் இருக்கும்: 'ராஜா, தண்ணியும் நெல்லும் தெரிஞ்ச ஆள் வேணும். வா.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். வந்தேன். அவர் எம்.பி. ஆனார், மந்திரி ஆனார், அதிபர் ஆனார். கப்பலில் அரிசி வந்தால்தான் உலை வைக்க முடியும் என்றிருந்த நாடு இது. இன்றைக்குப் பாதி நாடு தன் வயல் அரிசியைச் சாப்பிடுகிறது. சந்தையில் பொம்பளைகள் அந்த அரிசிக்கே 'பாயோ' என்று பேர் வைத்திருக்கிறார்கள். உனக்கு இருக்கிற பெருமை எனக்கு இல்லையா?

மீதிப் பாதிக்காக வடக்கே ஒரு அணை கட்டுகிறோம். சுவர் பாதிதான் எழும்பியிருக்கிறது. எதிர்க்கட்சியில் நிற்கிறவர் ஹவா என்று ஒரு வக்கீல். தான் வந்தால் அணையை நிறுத்தி வைத்து விசாரிப்பேன் என்று ஊர் ஊராகப் பேசுகிறார். இருபத்தொரு வருஷம் என் உயிரைக் கொடுத்த வேலை. அதை நட்ட நடுவில் விட்டுவிட்டு எங்கே போகச் சொல்கிறாய்? அவர் இன்னும் தீர்மானிக்கவில்லை. கேட்டால் சிரிக்கிறார். அவரைத் தீர்மானிக்க வைக்கத்தான் இந்தப் புத்தகம். ஆமாம், மேளம்தான். நல்ல மனுஷனுக்கு மேளம் அடித்தால் என்ன தப்பு?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நம்ம வாய்க்கால் பாசன சங்கத்துக்கு நீ எத்தனை தடவையாகத் தலைவர்? இதோடு இரண்டு முடிகிறது. செப்டம்பர் கூட்டத்தில் மூன்றாவது தடவையும் உன்னையே போட்டியில்லாமல் வைக்கப் போகிறார்கள், நீயும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று பூர்ணிமா சொன்னாள். உனக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?

பக்கத்தை மாற்ற மாட்டேன்.

ராஜ்குமார்


அரசவனூர்
27 ஜூலை 2025

ராஜ்குமாருக்கு,

வாயாடி. சின்ன வயசிலேயே உன் நாக்கில் வசம்பு தேய்த்திருக்க வேண்டும், அம்மா செல்லம் கொடுத்துவிட்டாள்.

நீ எழுதியது சுருக்கென்று தைத்தது. பூர்ணிமாவுக்கும் எனக்கும் மூன்று நாள் பேச்சு இல்லை. சங்கத்தை விட்டுவிட எனக்கு மனசில்லைதான், என்ன இப்போ? இந்த வாய்க்காலில் எந்த மதகு எங்கே கசியும் என்று எனக்குத்தான் தெரியும். நான் போய் நின்றால் பொதுப்பணித் துறை எஞ்சினியர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார். அடுத்து வரத் துடிக்கிறவள் யார் தெரியுமா? வீரையன் பேத்தி அறிவுமதி. போன கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, 'தலைவரம்மா, கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள எங்க நாத்து முத்திப் போவுது, நீங்க ஒரு தடவையாவது நேர்ல வந்து பாருங்க' என்று கேட்கிறாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவளிடமா கொடுப்பது என்று அன்றைக்கு முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

ஆனால் உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தால் அந்த எண்பத்தேழாம் வருஷம்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது. நீ மறந்தது போல நடிப்பதால் எழுதுகிறேன், இருந்து படி.

சம்பா பயிர் கதிரை உள்ளே சுமந்து பொதி கட்டுகிற சமயம். ஆற்றில் தண்ணீர் இல்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார், வயல் என் பொறுப்பு. நம்ம ஆலடி வயலுக்கு அன்றைக்கு உச்சிவெயில் வரைக்கும் முறை. மடையைப் பார்த்துக்கொள்ள லாமினை விட்டிருந்தேன். நான் சோறு எடுத்துக்கொண்டு வரும்போது முறை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மடை திறந்தே கிடக்கிறது. அடுத்த முறை வீரையனுடையது. அந்த ஆள் வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். வாயும் திறக்காமல், மடையையும் தொடாமல், தன் பயிர் சுருண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏன் தம்பி அடைக்கலை?" என்றேன்.

"வடக்கு மூலை இன்னும் நனையலை அக்கா. உங்க வீட்டு நெல்லு. உங்க அப்பாவுக்கு மருந்து வாங்கணும்" என்றான். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நமக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தான், பாவம்.

"உன் முறை முடிஞ்சப்புறம் பாயுறது உன் தண்ணி இல்லை. வீரையன் தண்ணி. இறங்கி அடை" என்றேன்.

இறங்கினான். சேற்றையும் வைக்கோலையும் அள்ளி இரண்டு கையாலும் அடைத்தான். அப்புறம் கரையோடு ஓடிப் போய் வீரையன் மடையைத் திறந்துவிட்டான். அந்த வருஷம் வடக்கு மூலை பதராகத்தான் போனது. அதை நினைத்து ஒரு நாளும் நான் வருத்தப்படவில்லை. என் வாழ்க்கையில் நான் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிற இரண்டு மூன்று காரியத்தில் அது ஒன்று. அதை எடுத்து நீ தலைகீழாக மாட்டியிருக்கிறாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு தாளில் லாமினுக்கு நாலு வரி எழுதியிருக்கிறேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, நீ படித்துக் காட்டு.

'லாமின் தம்பி, நான் பிரகதா அக்கா. நீ எத்தனை உயரத்தில் இருந்தாலும் எனக்குத் தம்பிதான். உன் முறை முடியப் போகிறதாமே. வடக்கு மூலை எப்போதும் கொஞ்சம் காய்ந்துதான் இருக்கும். பரவாயில்லை, அடைத்துவிடு. அக்காவுக்கு அதுதான் பெருமை.'

கொடுப்பாயா?

அக்கா


கும்பாலி
16 ஆகஸ்ட் 2025

அக்கா,

இங்கே தினமும் ஊர்வலம். ஒரு தெருவில் அவர் இருக்க வேண்டும் என்று, அடுத்த தெருவில் போக வேண்டும் என்று. கல்லூரிகளை மூடிவிட்டார்கள். நான் நன்றாக இருக்கிறேன், டிவியைப் பார்த்துப் பயப்படாதே.

உன் தாளை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். நாளை மறுநாள் புத்தகத்தின் முழுப் பிரதியை அவரிடம் கொடுக்கப் போகிறேன். அப்போது பார்க்கலாம். உறுதி சொல்ல முடியாது. எனக்கும் தூக்கம் கெட்டுப்போய்விட்டது அக்கா, என்னை மேலும் திட்டாதே.

ராஜ்குமார்


அரசவனூர்
19 அக்டோபர் 2025

என் ராஜாவுக்கு,

நீ வாழ்க! உன் கை வாழ்க!

நேற்று பூர்ணிமா போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் வரை ஓடி வந்தாள். 'அம்மா, லாமின் மாமா நிக்கலையாம்! மூணாவது தடவை வேணாம்னு சொல்லிட்டாராம்!' கையில் இருந்த சாணிச் சட்டியைக் கீழே போட்டுவிட்டேன். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறான், ஆனால் மோர் கேட்கும்போது தலையைச் சாய்ப்பானே, அதே சாய்வு. பேசியது எனக்குப் புரியவில்லை. கூட்டம் அழுததும் கைதட்டியதும் புரிந்தது.

இன்றைக்குச் சக்கரைப்பொங்கல் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன். 'என்னங்க விசேஷம், பூர்ணிமாவுக்கு வரன் அமைஞ்சிடுச்சா?' என்று கேட்டார்கள். 'அதைவிடப் பெரிசு. நான் ஒரு கடுதாசி போட்டேன், ஒரு நாட்டோட அதிபரு கேட்டுக்கிட்டாரு' என்று சொன்னேன். டீக்கடை வரைக்கும் போய்விட்டது. துரைராசு அண்ணன் வீட்டு வாசலிலேயே வந்து, 'பிரகதா, எங்க பட்டா மாறுதலுக்கும் ஒரு கடுதாசி எழுதிக் குடும்மா, தாலுகா ஆபீஸ்ல உன் பேச்சைக் கேப்பாங்க போலருக்கு' என்று கிண்டல் செய்துவிட்டுப் போகிறார். செய்யட்டும். எனக்கு என்ன, ஒரு நாட்டு அதிபருக்குப் புத்தி சொன்னவள்!

உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடைசியில் படித்துக் காட்டிவிட்டாய் பார். உனக்கும் எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் சங்கதியும் சொல்லிவிடுகிறேன். மழையால் தள்ளிப்போன சங்கக் கூட்டம் இருபத்தாறாம் தேதி. லாமினுக்கு ஒன்று சொல்லிவிட்டு நான் வேறு செய்தால் காறித் துப்ப மாட்டாயா? அறிவுமதி பேரை நானே முன்மொழியப் போகிறேன். நேற்று சாயங்காலமே அவளைக் கூட்டிக்கொண்டு மதகு மதகாக நடந்தேன். கடைமடைக்கும் போனேன். அவள் சொன்னது நிஜம்தான், நாற்று முற்றித்தான் கிடக்கிறது. வாயாடி என்றாலும் விஷயம் தெரிந்தவள். மனசு கொஞ்சம் அடித்துக்கொள்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

என் தாளைக் கேட்டதும் லாமின் என்ன சொன்னான்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அக்கா


கும்பாலி
12 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக நான் ஏன் எழுதவில்லை என்று நீ பூர்ணிமாவைப் பிடுங்கி எடுத்திருப்பாய். எழுத முடியவில்லை. நீ தெரு முழுக்கப் பொங்கல் கொடுத்துவிட்டாய், நான் எந்த முகத்தோடு எழுதுவேன்?

உன் தாளை நான் கொடுக்கவே இல்லை, அக்கா.

ஆகஸ்டில் அன்றைக்குப் புத்தகத்தை மட்டும் கொடுத்தேன். உன் தாள் என் பையில்தான் இருந்தது. என் முன்னாலேயே அந்த அத்தியாயத்தைத் திருப்பிப் படித்தார். மடை வருகிற பக்கத்தில் நின்றார். அப்புறம் தமிழில் கேட்டார். இத்தனை வருஷத்தில் ஆபீஸ் அறையில் அவர் என்னிடம் தமிழ் பேசியதே இல்லை.

"ராஜா, அன்னிக்கு நீ எங்க இருந்தே?"

"வரப்புலதான் நின்னேன்."

"அப்ப நல்லாப் பாத்திருப்பே" என்றார். அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி, "அந்த வடக்கு மூலை அப்புறம் வெளைஞ்சுதா?" என்று கேட்டார்.

"இல்லை, பதராப் போச்சு" என்றேன்.

"தெரியும். அறுப்புல நானும் இருந்தேனே. அக்கா அந்தப் பதரைக் கையில எடுத்துப் பாத்தாங்க. ஊதிட்டாங்க. சிரிச்சாங்க" என்றார். புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். அப்போதும் உன் தாளைக் கொடுக்கவில்லை. கொடுக்கத் தேவையில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது.

டிசம்பர் தேர்தலில் ஹவா ஜெயித்தார். லாமினுக்குப் பதிலாக நின்ற எங்கள் கட்சி ஆள் தோற்றார். இங்கே வழக்கம் என்னவென்றால், ஜெயித்தவர்தான் மாளிகைக்கு வந்து, பழையவர் கூப்பிடும்வரை வெளி அறையில் காத்திருந்து பொறுப்பு வாங்க வேண்டும். நேற்று முன்தினம் பதவி மாறும் நாள். காலையில் லாமின் காரை எடுக்கச் சொன்னார். நேராக ஹவா வீட்டுக்குப் போனார். பாதுகாப்பு அதிகாரிகள் பின்னாலேயே ஓடுகிறார்கள். அந்த அம்மா வாசலுக்கு வந்து திகைத்துப்போய் நிற்கிறார். இவரே கார்க் கதவைத் திறந்து அவரை ஏற்றிக்கொண்டு வந்து, மாளிகைக் கதவையும் தன் கையால் திறந்துவிட்டார். பத்திரிகைக்காரர்கள் மைக்கை நீட்டி, இது என்ன புது வழக்கம் என்று கேட்டார்கள். கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"முறை."

இந்த நாட்டில் அது யாருக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது. பக்கத்தில் நின்ற டிரைவர், ஐயா ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டான். எங்க ஊர் வார்த்தை என்று சொன்னேன்.

ஹவா என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். அணைக் கணக்கைக் காட்டச் சொல்கிறார், விசாரித்துவிட்டுத் தொடரலாம் என்கிறார். அதுவரை இருப்பேன். அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டேன். கடைசி வரி இப்படி முடிகிறது: 'அன்று அடைக்க மறந்த மடையை, முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, தன் அக்காவின் சொல்லை நினைத்து அவர் அடைத்தார்.' சரியா?

தெருக்காரர்களிடம் என்ன சொல்லப் போகிறாய்? என்னை மன்னித்துவிடு.

ராஜ்குமார்


அரசவனூர்
16 ஜனவரி 2026, மாட்டுப் பொங்கல்

ராஜாவுக்கு,

உன் கடிதத்தைப் பூர்ணிமா படிக்கப் படிக்க என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார். டீக்கடை வரைக்கும் தம்பட்டம் அடித்தவள் நான். மானம் கப்பலேறிவிட்டது என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவன் 'முறை' என்று சொன்ன இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னேன். அப்புறம் போனை நானே வாங்கிப் படித்தேன்.

துரைராசு அண்ணனிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், 'அண்ணே, என் கடுதாசி அங்க போய்ச் சேரவே இல்லை. அவரு தானாத்தான் எறங்கியிருக்காரு' என்று. கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'அப்போ இன்னொரு தடவை பொங்கல் வையி, பிரகதா' என்றார். வைத்தேன். அறிவுமதிதான் வந்து கிண்டினாள். சங்கத் தலைவர் கிண்டிய பொங்கல், அடி பிடித்துவிட்டது. தலைவரான இரண்டே மாதத்தில் கடைமடை மதகுக்குப் பலகை போட வைத்துவிட்டாள், பத்து வருஷம் நான் அலைந்தும் நடக்காத காரியம். சொல்லிக்கொள்ள எரிச்சலாகத்தான் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. அந்தத் தாளை நீ கொடுத்திருந்தால், அவன் அக்கா பேச்சைக் கேட்டான் என்று ஆகியிருக்கும். கொடுக்காததால்தான் அவன் யார் என்று எனக்குத் தெரிந்தது.

உன் கடைசி வரி தப்பு. அன்றைக்கு அவன் மறக்கவில்லை, நம்ம மேல் உள்ள பாசத்தில் அடைக்க மாட்டேன் என்று இருந்தான். என் சொல்லையும் அதில் நுழைக்காதே. நான் சொல்கிறபடி எழுது:

'முதல் தடவை அவரை ஒருத்தி இறங்கி அடைக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை யாரும் சொல்லவில்லை.'

எழுதிவிட்டு, என் பேரைப் புத்தகத்தில் போட்டுக்கொள்.

அக்கா
பிரகதாம்பாள்